நீர்பாய்ச்சி திருத்திய வரைபடத்தை முதல் பக்கத்தில் வையுங்கள்

கேள்வி: மேலூர் வட்டாரத்தில் ஒரு கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். மக்களோடு சேர்ந்து ஆய்வு செய்யும் அறிஞர்களைக் கௌரவ உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளும் அமெரிக்க அகாடமி ஒன்றுக்கு ஒருவரைப் பரிந்துரைக்கலாம் என்று எங்கள் கல்லூரியில் பேச்சு வந்திருக்கிறது. எங்கள் துறையின் மூத்த பேராசிரியையை முன்மொழிய நினைக்கிறேன். இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களைப் பல வருடமாக ஊர்க்காரர்களோடு நடந்து வரைபடமாக்கி வருகிறார். ஆனால் ஆய்விதழ்க் கட்டுரைகள் குறைவு. என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில் முகாம்கள் பல நடத்திய, கட்டுரைகளும் நிறைய வைத்திருக்கிற இன்னொரு பேராசிரியரை அனுப்பலாம் என்கிறார் முதல்வர். மேடமோ, "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், ஊர்க்காரங்க செஞ்ச வேலை" என்று ஒதுங்குகிறார். பரிந்துரையின் முதல் வரைவை இணைத்திருக்கிறேன். தேறுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள பேராசிரியைக்கு,

மேடத்தின் வேலை தேறும். உங்கள் வரைவு இப்போதிருக்கும் நிலையில் தேறாது. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல வேலை மோசமான பரிந்துரையால் தோற்பதைத் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது மனசு கொதிக்கும்.

உங்கள் முதல் பக்கம் முழுக்க அடைமொழிகள். "சமூகத்தின்பால் அளவற்ற அக்கறை கொண்டவர்", "கிராம மக்களின் வாழ்வில் ஒளியேற்றியவர்", "தன்னலமற்ற சேவையாளர்". இந்தப் பக்கத்தில் யார் பெயரை எழுதினாலும் பொருந்தும். படிப்பவருக்கு ஆள் தெரியமாட்டார். மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். வருவாய்த் துறையின் புலப்படங்களை வைத்து மேடம் வரைந்த முதல் வரைபடத்தை ஊர்ச் சாவடியில் விரித்தபோது, வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சி ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த மடை இங்க இல்லம்மா. காலும் இப்படிப் போகல, பாறைக்கு மேக்க திரும்பிரும்" என்று சொன்னதாகவும், மேடம் மறுவாரமே அவரைக் கூட்டிக்கொண்டு கால் நெடுக நடந்து வரைபடத்தை மாற்றியதாகவும்.

உங்கள் பரிந்துரையே இதுதான். இதைத் தூக்கி முதல் பத்தியில் வையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். இப்படிப்பட்ட அகாடமிகள் தேடுவது நல்ல மனம் படைத்த பேராசிரியரை மட்டும் என்றால் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் கிடைப்பார்கள். பல்கலைக்கழகத்தின் அறிவும் ஊரின் அறிவும் ஒன்றையொன்று மாற்றிய இடத்தைத்தான் தேடுகிறார்கள். அமெரிக்காவில் இந்தச் சிந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1862இல் வந்த மாரில் சட்டத்தின்படி நிலம் ஒதுக்கித் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்கள், உழவருக்கும் தொழிலாளருக்கும் பயன்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு வந்தவை. 1990இல் கார்னெகி கல்வி அறக்கட்டளையின் தலைவராயிருந்த எர்னஸ்ட் பாயர், கட்டுரைகளை எண்ணிப் புலமையை அளக்கும் வழக்கத்தை நேரடியாகக் கேள்வி கேட்டார். புதிதாகக் கண்டறிவது, பல துறை அறிவை இணைப்பது, வாழ்க்கைச் சிக்கலில் அறிவைப் பயன்படுத்துவது, கற்பிப்பது ஆகிய நான்குமே புலமைதான் என்றார். அதே அறக்கட்டளையின் பெயரில் 2006 முதல், சமூக ஈடுபாட்டில் தேர்ந்த கல்வி நிறுவனங்களைத் தனியாக வகைப்படுத்தி அறிவிக்கிறார்கள். அதிலும் அடிப்படைக் கேள்வி இதுதான்: அறிவும் வளமும் இரு பக்கமும் போய்வந்தனவா?

கட்டுரைகள் குறைவே என்ற உங்கள் கவலைக்கும் பதில் அந்த மரபிலேயே இருக்கிறது. பாயர் 1995இல் காலமானார். இந்த வகைப் புலமையை எப்படி மதிப்பிடுவது என்று அவரோடு வேலை செய்தவர்கள் 1997இல் ஆறு அளவுகோல்களை வைத்தார்கள். நோக்கம் தெளிவா, முன்தயாரிப்பு போதுமா, முறை பொருத்தமா, விளைவு கனமானதா, உரியவர்களிடம் ஒழுங்காகச் சொல்லப்பட்டதா, தன் வேலையைத் தானே விமர்சித்துப் பார்த்தாரா என்ற ஆறு. இதில் எங்கேயும் கட்டுரை எண்ணிக்கை இல்லை. மேடத்தின் வேலையை இந்த ஆறிலும் உரசிப் பாருங்கள். முதல் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்றாவதும் ஆறாவதும்தான் அவருடைய பலம். நீர்பாய்ச்சி சொன்னதும் வரைபடத்தை மாற்றினாரே, அது முறையின் நேர்மைக்கும் சுயவிமர்சனத்துக்கும் ஒருசேரச் சான்று. பழைய வரைபடமும் திருத்திய வரைபடமும் கையில் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து இணையுங்கள். எங்கே கோடு மாறியது என்று சிவப்பு மையில் வட்டமிடுங்கள். மதுரையை ஒருமுறைகூடப் பார்க்காதவருக்கும் அந்த இரண்டு தாள்களும் புரியும்.

ஐந்தாவது அளவுகோலில் கொஞ்சம் நில்லுங்கள். ஆயக்கட்டுதாரர்களுக்காக, அதாவது கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ளவர்களுக்காக, மேடம் தமிழில் ஒரு சிறு கையேடு போட்டதையும், கண்மாய்த் தொடரைத் துணியில் வரைந்து சாவடியில் மாட்டியதையும் "இதர பணிகள்" என்று கடைசியில் தள்ளியிருக்கிறீர்கள். ஏன்? அந்தத் துணி வரைபடத்தை வைத்துத்தானே ஊரார் நீர்வளத் துறைக்கும் வட்டாட்சியருக்கும் மனு எழுதினார்கள், ஆக்கிரமிப்பை அளக்கச் சர்வேயர் வந்தார்? மனு நகல், அதற்கு வந்த பதில், அளவை நடந்த நாள் எல்லாம் ஊரில் யாராவது ஒருவரின் மஞ்சள் பைக்குள் பத்திரமாக இருக்கும். போய்க் கேளுங்கள். ஓர் ஆய்வு ஊருக்குள் இறங்கி அரசு அலுவலகம் வரை நடந்து போனதற்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. கட்டுரைகள் குறைவு என்பதை மறைக்க வேண்டாம், அதற்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். இருக்கும் கட்டுரைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எந்தக் கள வேலையிலிருந்து பிறந்தது, பிறகு ஊருக்கு எந்த வடிவத்தில் திரும்பிப் போனது என்று ஒரு வரி சேருங்கள்.

நம் வட்டாரத்துக்கு இந்த இருவழிப் பாதை புதிதல்ல. காந்திகிராமத்தில் 1956இல் கிராமிய நிறுவனத்தைத் தொடங்கியபோது டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் படிப்பை ஊரிலிருந்து பிரிக்கக் கூடாது என்ற உறுதியோடுதான் தொடங்கினார்கள். 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை இலவசம் என்று சொன்னால் மட்டும் ஊர்ச்சனம் வந்துவிடாது, பஸ் கட்டணம், சாப்பாடு, துணைக்கு ஆள் என்று எல்லாம் இருக்கிறது என்பதை வராமல் போனவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதன்படி ஊர்களில் நடத்திய கண் முகாமின் அமைப்பே மாறியது. உங்களுக்குப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்து மேலூர் வட்டாரமே திரண்டபோது, அந்த அறிவிக்கையையும் மலைகள், சுனைகள், பறவைகள், தமிழிக் கல்வெட்டு பற்றிய பதிவுகளையும் ஊர்மக்களே எடுத்துப் பேசினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அது மக்கள் போராட்டத்தின் வெற்றி, ஆய்வாளர்கள் யாரும் அதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. ஆனால் மக்களோடு சேர்ந்து எடுத்த பதிவு, நெருக்கடி வரும்போது மக்கள் கையில் ஆதாரமாக இருக்கும். மேடத்தின் வரைபடமும் அப்படிப்பட்டதுதான் என்று எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி முதல்வர் சொல்லும் பேராசிரியரைப் பற்றி. அவரைக் குறைத்துப் பேசியிருக்கும் அந்த ஒரு பத்தியை எடுத்துவிடுங்கள். 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் எத்தனையோ பிள்ளைகளை முதல்முறையாகக் கிராமத்துக்குள் நடக்க வைத்திருக்கிறது. முகாம் நடத்துவது லேசான வேலையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தங்க இடம் கேட்பதிலிருந்து பாத்திரம் கழுவ ஆள் பிடிப்பது வரை அந்த அலுவலர் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவருடைய முகாம்கள் ஒரு பக்கமும் கட்டுரைகள் வேறு பக்கமுமாக இருக்கின்றன. முகாம் நடந்த ஊருக்கும் அவர் எழுதிய கட்டுரைக்கும் தொடர்பில்லை. தொண்டும் புலமையும் தனித்தனியே நிறைய இருப்பது ஒன்று, இரண்டும் ஒரே வேலையாக இருப்பது வேறொன்று. இந்த அகாடமி பார்ப்பது இரண்டாவதை. முதல்வரிடம் இப்படியே சொல்லுங்கள். யார் பெரியவர் என்ற பேச்சுக்கே போக வேண்டாம்.

இப்போது கடிதங்களுக்கு வருகிறேன். பரிந்துரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் இணைத்திருக்கும் ஊர்க் கடிதம் மூன்றும் ஒரே எழுத்துருவில், ஒரே வாக்கிய அமைப்பில், கல்லூரிக் கணினியில் தட்டச்சானவை என்பது பார்த்த உடனே தெரிகிறது. நல்லெண்ணத்தில் செய்திருப்பீர்கள். ஆனால் சொல்லிக்கொடுத்த சொல்லும் கட்டிக்கொடுத்த சோறும் எத்தனை தூரத்துக்கு வரும்? தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் இதை மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிறகு உண்மையான பகுதிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

வேறு மாதிரி செய்யுங்கள். நீர்பாய்ச்சியிடம் போய் உட்காருங்கள். மேடம் எப்படிப்பட்டவர் என்று கேட்காதீர்கள், "ரொம்பத் தங்கமானவங்க" என்ற பதில்தான் வரும். வரைபடம் வந்த பிறகு என்ன மாறியது, எது மாறவில்லை, அந்த அம்மா சொன்னதில் நீங்கள் ஒத்துக்கொள்ளாதது எது, நீங்கள் சொல்லி அவர் ஒத்துக்கொண்டது எது என்று கேளுங்கள். அவர் பேசுவதை அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய்யுங்கள். பேச்சு நடையிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்தே அனுப்புங்கள். மொழிபெயர்ப்பில் மெருகேற்ற வேண்டாம். மடை, கலுங்கு, வரத்துக்கால் போன்றவற்றை ஒலிபெயர்த்து வைத்து ஒரு வரி விளக்கம் தந்தால் போதும்.

யாரிடம் வாங்குவது என்பது அதைவிட முக்கியம். நீங்கள் வாங்கிய மூன்றும் பாசனச் சங்கத்து ஆட்களுடையவை, எல்லாரும் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள். கண்மாய் அவர்களுக்கு மட்டுமா? கண்மாய்க்குள் தண்ணீர் வற்றிய உள்வாயில் ஆடு மாடு மேய்ப்பவர் இருக்கிறார். மீன் குத்தகை எடுப்பவர் இருக்கிறார். நூறு நாள் வேலையில் கரையில் முள் வெட்டி மண் சுமக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு ஒரு குழி நிலம்கூட இருக்காது. தண்ணீர் முறை பேசுகிற சாவடியில் எல்லாத் தெருக்காரர்களும் சமமாக உட்காருவதில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்த விஷயம். மேடத்தின் வேலை அந்தப் பெண்களைத் தொட்டதா? தொட்டிருந்தால் அவர்களில் ஒருவர் பேச வேண்டும். தொடாமல் போயிருந்தால் அதையும் பரிந்துரையில் சொல்லுங்கள், இனி என்ன செய்ய நினைக்கிறார் என்று மேடத்திடமே கேட்டு எழுதுங்கள். ஊர் என்றாலே ஒரே குரல் என்று எழுதுவதைக் காட்டிலும் இது நூறு மடங்கு கனமானது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படிச் சாட்சி சொல்வார்கள் என்று தயங்க வேண்டாம். மதுரைப் பக்கத்துப் புல்லுச்சேரியில் கூலி வேலை செய்து, களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களில் பெண்களைத் திரட்டி, 2019இல் பத்மஸ்ரீ பெற்ற சின்னப்பிள்ளை அம்மா பள்ளிக்கூடம் போனவரா?

ஊர்க் கடிதங்களோடு வேறு இரண்டு வேண்டும். ஒன்று, மேடத்தோடு கால்களில் நடந்த பழைய மாணவர் ஒருவர் எழுதுவது. இப்போது அவர் எங்கே வேலை பார்த்தாலும் சரி, அன்று கற்றதில் எது இன்றும் கைகொடுக்கிறது என்று எழுதட்டும். இன்னொன்று, பாசனம் பற்றி எழுதும் வெளி அறிஞர் ஒருவருடையது. மேடத்தின் நண்பராக இல்லாமல், அவருடைய வேலையைப் படித்தவராக இருப்பது நல்லது. இதே மாதிரி கண்மாய் ஆய்வு வேறெங்கே நடந்திருக்கிறது, அதிலிருந்து இது எங்கே விலகுகிறது என்று ஒப்பிட்டுச் சொல்ல அவரால்தான் முடியும். துணைவேந்தர், சட்டமன்ற உறுப்பினர் கடிதங்கள் வேண்டாம். பதவி பெரிதாக இருக்கும், வேலையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

மேடம் ஒதுங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் சம்மதம் இல்லாமல் அனுப்பாதீர்கள், இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்ற எண்ணமே வேண்டாம். "ஊர்க்காரங்க செஞ்ச வேலை" என்று அவர் சொல்வது வெறும் அடக்கம் என்று நான் நினைக்கவில்லை. தன் பெயரில் ஊரின் உழைப்பு போய்விடுமோ என்ற நியாயமான தயக்கம் அது. அந்தத் தயக்கத்தைப் பரிந்துரைக்குள்ளேயே கொண்டுவாருங்கள். "கண்மாயைக் காப்பாற்றினார்" என்று எழுதாமல், மராமத்தை ஊர் செய்தது, மனுவை ஊர் கொடுத்தது, மேடம் வரைபடம் போட்டார், கணக்கெடுத்தார், மாணவர்களை அழைத்துவந்தார் என்று யார் எதைச் செய்தார்கள் என்பதைப் பிரித்து எழுதுங்கள். அதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அப்படி எழுதிய தாளைப் பார்த்தால் பெரும்பாலும் சம்மதிப்பார். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். அகாடமி உறுப்பினர் என்பது பொன்னாடையோடு முடிகிற மரியாதை இல்லை. இளம் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டுவது, பிறர் வேலையை மதிப்பிடுவது என்று உறுப்பினர்களிடம் உழைப்பை எதிர்பார்ப்பார்கள். பட்டிக்காட்டுக் கண்மாயில் கற்றதை அங்கே பேச ஓர் ஆள் தேவை என்று சொன்னால், பட்டத்துக்கு மசியாதவர் அதற்கு மசியக்கூடும்.

ஊரின் சம்மதமும் தனியாக வேண்டும். ஆக்கிரமிப்பு விவகாரம் இன்னும் நிலுவையில் இருந்தால், யார் நிலம், யார் மனு என்ற விவரங்களும் முகம் தெரியும் படங்களும் பரிந்துரையில் இடம்பெறக் கூடாது. நாம் மரியாதைக்காக அனுப்பும் தாள், ஊரில் ஒருவருக்கு வம்பாக முடியக் கூடாது.

நடைமுறை விஷயங்கள் சில. எழுத உட்காரும் முன் அகாடமிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இந்தியக் கல்லூரியில் பணிபுரிபவர் தகுதி உடையவரா, முன்மொழிபவர் ஏற்கெனவே உறுப்பினராக இருக்க வேண்டுமா, கல்லூரித் தலைமையின் ஒப்புதல் கடிதம் கட்டாயமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். இதைக் கடைசி வாரத்தில் கேட்பவர்கள் நிறையப் பேர். பக்க வரம்பு சொல்லியிருந்தால் அதைத் தாண்டவே தாண்டாதீர்கள். மேடத்தின் தன்விவரக் குறிப்பை நாற்பது பக்கத்துக்கு அப்படியே இணைப்பதை விட்டுவிட்டு, கண்மாய் வேலைக்குத் தொடர்பானதை மட்டும் தனியாகத் தொகுத்துக் கொடுங்கள். செய்தித்தாள் நறுக்குகளில் ஒன்றிரண்டு போதும்.

தகுதி இல்லை என்றோ இந்த ஆண்டு இடமில்லை என்றோ பதில் வந்தால் தொகுத்த கட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்க மத்திய அரசு 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டம் உங்கள் கல்லூரியிலும் இருந்தால், கிராம வேலையை எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு இந்தத் தொகுப்பே மாதிரியாக இருக்கும். மேடத்துக்குப் பின்னால் வரும் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் அது அதிகம் பயன்படும்.

முதல்வரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கென்றே மத்திய அரசு தேசிய விருது வழங்கி வருகிறது. அந்தப் பேராசிரியரின் முகாம்களுக்கு உரிய இடம் அதுதான். அவருக்கான பரிந்துரையை நீங்களே முன்வந்து எழுதித் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். முகாம் நடந்த ஊர்களின் பெயர்களும், பிள்ளைகள் அங்கே என்ன செய்தார்கள் என்பதும் கையில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், அந்த வரைவையும் பார்த்துத் தருகிறேன்.